கோடு இறங்கிய மாதம்

சாவுச் செய்தி வந்தபோது பெரம்பலூர் அலுவலகத்தில் ஆண்டறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். "அக்கா மவுத்தாயிட்டாங்க சார்," என்றார் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜமீலாவின் தம்பி.

ஜமீலா அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பாலியல் கொடுமைக்கு ஆளாகும் பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் சிறு தொண்டு நிறுவனம் எங்களுடையது. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசுவதும், வரும் புகார்களை ஆண்டுவாரியாகத் தொகுப்பதும் அவர் வேலை. பெயருக்கு நான் மேலதிகாரி.

அவர் சேர்ந்த புதிதில், வரைபடத்தில் புகார்க் கோடு மேலே ஏறியதைப் பார்த்து, "ஊரே கெட்டுப்போச்சும்மா," என்று பதறினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "முன்னாடியும் நடந்திருக்கும் சார், இப்பத்தான் வாயத் தொறந்து சொல்றாங்களோ என்னவோ. கோட்ட மட்டும் பாத்து எப்படிச் சொல்றது?"

அதற்காகவே வரைபடத்தின் அடியில் பென்சிலால் குறிப்பெழுதுவார். இந்த மாதம் பள்ளியில் கூட்டம் நடந்தது, இந்த மாதம் பஸ் ஓடவில்லை என்று. எனக்கோ அறிக்கை பளிச்சென்று இருக்க வேண்டும். அந்தக் கிறுக்கலையெல்லாம் நானே ரப்பரால் அழித்துவிடுவேன்.

ஓர் ஆண்டு, பாடாலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஓர் ஊரிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. 'பிரச்சினை தீர்ந்த ஊர்' என்று எழுதிக் கைதட்டல் வாங்கினேன். போகவேண்டிய ஊர்களின் பட்டியலிலிருந்தும் அந்த ஊரை எடுத்துவிட்டேன். 'பஸ் நின்றுவிட்டது, போக முடியவில்லை' என்ற அவர் குறிப்பை நான்தான் அழித்திருந்தேன்.

ஜமீலா என்னிடம் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு விடுப்பெடுத்துக்கொண்டு அவரே போனார். திரும்பி வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"ஒரு புள்ள போன வருஷமே சொல்லணும்னு காத்துக்கிட்டு இருந்துச்சாம் சார். ஏன் மிஸ் வரலன்னு கேட்டுச்சு. நான் என்னத்த சொல்ல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

சென்ற ஆண்டு அவர் படுக்கையில் விழுந்தார். திருச்சி மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது, "எனக்குப் பதிலா யாரு சார் போறாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். "ஆள் போட்டுடுவோம்மா," என்றேன். போடவில்லை.

அடக்கம் முடிந்து அலுவலகம் திரும்பினால், மேசையில் அதே அறிக்கை. இரண்டு மாவட்டங்களிலும் கோடு சரசரவென்று இறங்கியிருந்தது. 'புகார்கள் குறைந்துள்ளன, மகிழ்ச்சி' என்று நானே எழுதிய வரி கீழே இருந்தது. இறங்கத் தொடங்கிய மாதம் எதுவென்று அப்போதுதான் பார்த்தேன். அவர் படுத்த மாதம்.

எத்தனை பிள்ளைகள் வகுப்பு வாசலைப் பார்த்தபடி இருக்கிறார்களோ?

அந்த வரியை அடித்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். 'இம்மாதம் முதல் ஜமீலா வரவில்லை. வேறு யாரும் போகவில்லை,' என்று எழுதினேன்.

போய் வாருங்கள் அம்மா. இதை அழிக்க மாட்டேன். நாளைக் காலை பாடாலூர் பஸ் ஏறுகிறேன். என்னிடம் அந்தப் பிள்ளைகள் பேசுவார்களா என்றுதான் தெரியவில்லை.