சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ராஜா

புகழ்ந்து பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. நெய்வேலியில் குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்தக் குணம் தானாக வந்துவிடும். ஒரு அதிகாரிக்கு மாற்றல் என்றால் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறவர், அடுத்த வாரம் புதிதாக வந்தவருக்கும் அதே குரலில் மாலை போடுவார். என் வீட்டுக்காரர் ரசம் பிரமாதம் என்றால்கூட, என்ன காரியம் ஆகவேண்டும் என்றுதான் கேட்பேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எனக்கு வைத்திருந்த பெயர் எனக்கே தெரியும்: எதையும் நம்பாத திருநெல்வேலிக்காரம்மா.

எண்பதுகளின் தொடக்கத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு ஒரு சீக்கியத் தம்பதி குடிவந்தார்கள். அவர் சுரங்கத்தில் இன்ஜினியர். பெரிய தலைப்பாகை, மெல்லிய குரல். அந்தம்மா மந்தாரக்குப்பம் காய்கறிக் கடைகளில் பேரம் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் பாடுவது கேட்கும். எதிரே யாரையோ உட்கார வைத்துப் பாடுவது போல இருக்கும். மொழி புரியாவிட்டாலும் அது புகழ்ச்சி என்று என் காதுக்குத் தெரிந்துவிட்டது.

பாட்டைவிட என்னை உறுத்தியது அவர்கள் வீட்டுத் துணிக்கொடி. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் மூன்றாவது ஆளுக்கும் படுக்கை விரிப்பு காய்ந்தது. சின்னச் சின்னப் பட்டுத் துணிகள், வெள்ளை விரிப்புகள், பனிக்காலத்தில் ஒரு குட்டி மெத்தைப் போர்வை. இருவரும் வாசலில் நிற்கும்போதும் பின்னறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

“அந்த ரூம்ல யாரையோ வச்சிருக்காங்க” என்றேன்.

“படுத்த படுக்கையா ஏதாவது மாமியார் இருக்கும், ஒனக்கென்ன?” என்றார் என் வீட்டுக்காரர். குவார்ட்டர்ஸில் வெளியாளைத் தங்கவைத்தால் அலாட்மென்ட் போய்விடும். அதனால் மறைக்கிறார்கள் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

எண்பத்துநாலின் கடைசியில் டெல்லியிலிருந்து அந்தச் செய்திகள் வந்தன. பிரதமரைச் சுட்டதும், பிறகு அங்கே தலைப்பாகை கட்டியவர்களைத் தேடித் தேடிக் கொன்றதும். எங்கள் ஊரில் யாரும் யார் மேலும் கை வைக்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அந்தம்மாவைக் கண்டால் கேட்டில் நிற்கிற பெண்கள் உள்ளே போனார்கள்.

என் வீட்டுக்காரருக்கு வடக்கே டிரெயினிங் போனதில் கொஞ்சம் இந்தி வரும். ஒரு விடியலில் சுவரில் காதை வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது. “ராஜாங்கறான். சிம்மாசனங்கறான், குடைங்கறான். சாமி பாட்டு இல்லடி இது. எவனோ ஒரு தலைவனைப் பத்திப் பாடறான்.” அதோடு விட்டாரா? ஷிப்ட் பஸ்ஸில் போய் வாயைத் திறந்துவிட்டார். எதிர்வீட்டு ஃபோர்மேன் அதைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஆள் இருக்கிறது, அதுவும் டெல்லியிலிருந்து தப்பி வந்த ஆள் என்று சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கப் பேச்சு.

யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. மறுநாள் காலை, உறைமோர் கேட்கிற சாக்கில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

“அந்த ரூம்ல யாருங்க?” என்று கேட்டே விட்டேன்.

“குரு” என்றார் அந்தம்மா.

“வயசானவரா?”

அவர் சிரித்தார். கையைக் கழுவச் சொன்னார், சேலைத் தலைப்பை எடுத்து என் தலைமேல் போட்டார், உள்ளே கூட்டிப்போனார். துணி விதானத்துக்குக் கீழே சின்ன மேடை. அதன்மேல் பட்டு விரித்து ஒரு பெரிய புத்தகம் திறந்திருந்தது. இன்ஜினியர் கவரி வீசிக்கொண்டே பாடினார். சுவரோரம் ஒரு கட்டில், மெத்தை, தலையணை. பகலெல்லாம் குரு மேடையில் கொலுவிருப்பாராம், ராத்திரி அந்தக் கட்டிலில் பள்ளிகொள்வாராம். அந்தப் புத்தகம்தான் அவர்களுக்கு வேதம், உயிருள்ள குரு.

“ராஜான்னு பாடறாரே?”

“இவர்தான் ராஜா. முன்னாடி அரமனையில பாடற ஆளுங்க குருவைப் பாத்து இந்தப் பாட்டு பாடினாங்க.”

“என்ன பரிசு குடுத்தாங்களாம்?”

“ஒண்ணும் கேக்கலை.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். “ஒரு பாட்டுக்காரர் ஒரு வருஷம் சாமியார் சாமியாராப் போய்ப் பாத்தார். எல்லாரும் வாய்ப்பேச்சு. யாரையும் அவருக்குப் பிடிக்கலை. கடைசியில இங்க வந்தார்.”

அந்தப் பாட்டுக்காரரை மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் கட்டிலின் விரிப்பு தரைவரை தொங்கியது. ஒரு ஆள் தாராளமாக ஒளியலாம். கும்பிடுகிறவள் போல மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து, அப்படியே தலையைச் சாய்த்து விரிப்பின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தேன். ஒரு மடித்த பாய், துடைத்த தரை. எழுந்தபோது அந்தம்மா அழுதுகொண்டிருந்தார். எங்கள் வரிசையிலிருந்து அந்த வாசல்படியை மிதித்தே எத்தனையோ நாளாகிவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உடம்பு கூசியது.

அந்த வாரமே சென்னையிலிருந்த உறவினர்கள் கார் அனுப்பினார்கள். அவர்கள் கிளம்பிய காலையில் வரிசையே வெளியே நின்றது. அந்தம்மா செம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே முன்னால் வந்தார். பின்னால் இன்ஜினியர் வெறுங்காலோடு, பட்டில் சுற்றிய புத்தகத்தைத் தலைமேல் வைத்து வந்தார். எதிர்வீட்டு ஃபோர்மேன் இன்னும் நாலு பேரோடு கேட்டை மறித்துக்கொண்டார்.

“இன்னாத்தத் தலைல தூக்கிகினு போறீங்க? கீழ வச்சிப் பிரிச்சிக் காட்டுங்க சார்.”

அவர் அசையவில்லை. தரையில் வைப்பதைவிடச் செத்துப்போவார் என்று எனக்குப் பார்த்ததுமே புரிந்தது. நாலு பேரில் ஒருவன் பட்டைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினான்.

“கையை எடுலே!” என்று கத்தினேன். “அது அவுக சாமிப் புஸ்தகம். நான் உள்ள போய்ப் பாத்தாச்சு. ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல. கட்டிலுக்கு அடியில வரைக்கும் குனிஞ்சு பாத்துட்டேன்.”

ஃபோர்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் பார்த்தேன் என்றால் ஓட்டை உடைசல் பாக்கியில்லாமல் பார்த்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தம்மாவும் திரும்பிவிட்டார். கையில் செம்பு சாய்ந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு நீங்க கும்பிடலையா?”

ஃபோர்மேன் என் பதிலுக்காகக் காத்திருந்தார். கும்பிட்டேன் என்றால் நானும் அவர்கள் பக்கம் என்றாகிவிடும், என் சாட்சி காசுக்குப் பெறாது, மூட்டை தரைக்கு வந்துவிடும்.

“இல்லைங்க” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “சோதனை போடத்தான் குனிஞ்சேன்.”

ஃபோர்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். அந்தம்மா மீதித் தண்ணீரைத் தெளித்தபடி காருக்குப் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை.