தலைக்குமேல் தூக்கிய கைகள்

அக்காவும் அத்தானும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது, கைதான் வாய். ஆபத்தென்றால் அக்கா இரு கைகளையும் தலைக்குமேல் தூக்குவாள். அசைந்தால் தறி கையைத் தின்றுவிடும் என்று அத்தான் அப்படியே நின்றுவிடுவார்.

“வீட்டுலயும் இப்படிப் பேச்சைக் கேட்டா தேவல” என்பாள்.

லீவுக்குக் கடல் பார்க்கப் போனோம். செங்குத்துப் பாறையின் உச்சியில் அக்காவும் நானும். கீழே மணலில், மகளைத் தோளில் சுமந்தபடி அத்தான் எங்களுக்குக் கையாட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் பனை உயரத்துக்கு அலை எழுந்தது.

“ஏங்க, ஓடுங்க! ஓடி வாங்க!”

கடல் இரைச்சல் அவள் கதறலை விழுங்கியது. பதறிய கைகள் தாமாகவே தலைக்குமேல் போயின.

“கைய இறக்குக்கா!” என்று பாய்ந்தேன்.

அத்தான் பார்த்துவிட்டார். பெண்டாட்டி சொல்லைத் தட்டாமல், அப்படியே நின்றார்.