மணிக்கட்டு முறிந்த வருஷம்

சேலம் ஆஸ்பத்திரியில் யாருக்கோ மாவுக்கட்டு போட்டார்கள். அந்த ஈர வாசனை என்னை மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் மஞ்சக்குட்டைக்குக் கொண்டுபோனது.

அப்போது எனக்குப் பத்து வயது. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் அம்மா, வாசலில் லேசாக வழுக்கிக் கையூன்றினாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டோடு ஒற்றைக் கையால் களி கிண்டினாள். சட்டியை நான் பிடித்துக்கொண்டேன். "வயசாயிருச்சு கண்ணு," என்றாள். அவளுக்கு நாற்பதுதான் தாண்டியிருந்தது. பிறகு முதுகு கூனியபோதும், கூடை சுமந்ததால் என்றே நினைத்தோம்.

இப்போது எனக்கு மாதவிலக்கு சீக்கிரமே நின்றதால் எலும்பு ஸ்கேன் எடுத்த டாக்டர், நான் இதைச் சொல்லக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது வயசு இல்லைங்க. அப்பவே எலும்பு பலம் கொறஞ்சிருக்குது. உங்களுக்கும் ஆரம்பிச்சிருக்குது. மருந்து சாப்பிட்டு, தெனமும் நடந்தாத் தாங்கும்."

"அம்மா ஊட்டுலதான் இருக்குதுங்க. இனிமேப் பார்த்தாப் பிரயோஜனம் இருக்குங்களா?"

"இருக்குதுங்க. இன்னொருக்கா விழறதுக்குள்ள கூட்டியாங்க."

மறுநாள் மலையிறங்கிய பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் அம்மாவின் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.