துத்தநாகம் எங்கிருந்து வந்தது

1. முதல் நாள்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், கெலாங் பாத்தா பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழக லேப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், லேப்பின் தலைவி டாக்டர் மெய்யம்மை என் கையில் ஒரு பாட்டில் சுத்தமான தண்ணீரைக் கொடுத்தார். அதை இன்னொரு பாட்டிலில் ஊற்றி, மூடி, மெஷினில் வைக்கச் சொன்னார். நான் அதற்கு முன் செனாயில், தொழிற்சாலைக் கழிவுநீரைச் சோதிக்கும் ஒரு கம்பெனியில் பல வருடம் இருந்தவள். தண்ணீர் ஊற்றுவது ஒரு பரீட்சையா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ரிசல்ட் வந்தது. அந்தத் தண்ணீரில் இரும்பும் இருந்தது, துத்தநாகமும் இருந்தது. துத்தநாகத்தை லேப்பில் நாங்கள் ஜிங்க் என்றுதான் சொல்வோம். இரண்டுமே இந்த லேப் சோதிக்கும் தென்துருவக் கடல்நீரில் இருப்பதைவிட அதிகம்.

"இது தண்ணில இருந்தது இல்ல, ஸ்டெல்லா. உங்ககிட்ட இருந்து வந்தது," என்றார் டாக்டர். "மூஞ்சில பவுடர் போட்டிருக்கீங்க. அதுல ஜிங்க் இருக்கும்."

குறை சொல்லும் குரல் இல்லை அது. இங்கே சேரும் எல்லோருக்கும் முதல் நாள் இதே பாடம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து பவுடர் இல்லை, தோடு இல்லை, வளையல் இல்லை. கிளீன் ரூமுக்குள் போகுமுன் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, இரண்டு அடுக்கு கையுறை. பாட்டில்கள் வாரக்கணக்கில் ஆசிட்டில் ஊறிய பிறகுதான் கடல்நீரைத் தொடும். செனாயில் நான் தேடிய உலோகங்களைத்தான் இங்கேயும் தேடினேன். ஆனால் அளவு ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு, சில சமயம் லட்சம் மடங்கு.

அவ்வளவு குறைவாக இருப்பதை எதற்குத் தேட வேண்டும் என்று என் கணவர் கேட்டார். அவர் தினமும் செக்கண்ட் லிங்க் பாலம் வழியாக சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

தென்துருவக் கடலின் மேல்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பாசிகள் வாழ்கின்றன. அவற்றுக்கு வேண்டிய பெரிய சத்தெல்லாம் அங்கே ஏராளம். இரும்பு மட்டும் பற்றாக்குறை. கோடையில் ஐஸ் உருகும்போது, பனிப்பாறை அரைத்து வைத்த கல்தூளிலிருந்து கொஞ்சம் இரும்பு கரைந்து வரும். பாசி அதை எடுத்துக்கொண்டு பெருகும். கூடவே ஜிங்க்கையும் எடுத்துக்கொள்ளும். பிறகு செத்து ஆழத்துக்கு இறங்கும். அங்கே அழுகி, உலோகமெல்லாம் மறுபடி தண்ணீரில் கரையும். குளிர்காலத்தில் காற்றும் குளிரும் கடலைக் கலக்கும்போது அதில் ஒரு பங்கு மேலே ஏறும். அடுத்த கோடைக்கு அதுதான் உணவு. மீனும் பெங்குவினும் திமிங்கிலமும் கடைசியில் இந்தச் சுற்றை நம்பித்தான் இருக்கின்றன.

2. செனாய் கார்கோ

ரவின் எங்கள் லேப்பில் பிஎச்டி செய்தவன். தெப்ராவ் ஊர்ப் பையன். மனைவி பள்ளி ஆசிரியை. ஒரு தென்துருவக் கோடையில், வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்தது. தென்துருவக் கடல் வரை போய், ஐஸ் ஓரமாகப் பல இடங்களில் தண்ணீர் எடுத்தான். கப்பல் நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் ஸ்டேஷன் என்பார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மேலிருந்து ஆழம் வரை வரிசையாகத் தண்ணீர் எடுக்க வேண்டும். இரும்புக் கம்பி வடத்தில் பாட்டிலை இறக்கினால் வடமே இரும்பைக் கலந்துவிடும் என்பதால் அதற்குத் தனியாகப் பிளாஸ்டிக் கயிறு உண்டு.

அவன் ஊர் திரும்பி வெகுநாள் கழித்துத்தான் தண்ணீர்ப் பெட்டிகள் செனாய் விமான நிலையத்துக்கு வந்தன. வாங்க நான் போனேன். கார்கோவில் சுங்கப் பரிசோதனைக்கு இருந்தவர் ஒரு தமிழர், நடுத்தர வயது. பேப்பரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"வெறும் கடல் தண்ணியா, அக்கா? நம்ம ஊர்ல கடலே இல்லாத மாதிரி," என்றார்.

திறந்து காட்டச் சொன்னார். அது அவர் வேலை. பெட்டியைத் திறந்து, இரட்டைப் பையில் இருந்த பாட்டில்களைக் காட்டினேன். ஒரு மூடியையாவது திருகிப் பார்க்க வேண்டும் என்றார். காற்றில் பறக்கும் தூசி ஒன்று விழுந்தால் போதும். கப்பல் மறுபடி அங்கே போய் அதே தண்ணீரை எடுத்து வர முடியாது. வழியில் ஏதாவது உடைந்தால் ஈடாக இருக்கட்டும் என்று ரவின் அனுப்பியிருந்த உபரிப் பாட்டில் ஒன்று தனியாக இருந்தது. அதை அவரிடம் கொடுத்து, இதை எவ்வளவு வேண்டுமானாலும் திறந்து பாருங்கள், மற்றதைத் திறந்தால் ஒரு பையனின் படிப்பு போய்விடும் என்று சொன்னேன்.

அவர் அதை மட்டும் திறந்து பார்த்தார், மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார், பெட்டியை அவரே டேப் ஒட்டி மூடிக் கொடுத்தார்.

3. கெட்டுப்போன ஸ்டேஷன்

மெஷினில் ஓட்ட ஆரம்பித்த பிறகு மற்ற ஸ்டேஷன்கள் எல்லாம் எதிர்பார்த்தபடியே வந்தன. மேல்பரப்பில் ஜிங்க்கும் இரும்பும் மிகக் குறைவு, ஆழம் போகப் போகக் கூடுதல். பாசி மேலே தின்றுவிட்டது என்று அர்த்தம். ஐஸுக்கு மிகப் பக்கத்தில் இருந்த கடைசி ஸ்டேஷன் மட்டும் வேறு மாதிரி இருந்தது. மேல்பரப்பிலேயே இரும்பும் அதிகம், ஜிங்க்கும் அதிகம். நடுவில் ஓர் ஆழத்தில் ஜிங்க் இன்னும் எகிறி நின்றது.

டாக்டர் மெய்யம்மை வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். செனாயில் பெட்டி திறந்தபோது ஏதாவது ஆனதா என்று முதலில் என்னைக் கேட்டார். பைகள் பிரிக்கப்படவே இல்லை என்றேன். பிறகு ரவினைக் கூப்பிட்டார்.

ரவின் எதையும் மறைக்கவில்லை. கடைசி ஸ்டேஷனுக்கு வருவதற்குள் குளிரில் அவன் விரல்கள் வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தன. கப்பல் டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவியிருந்தான். அந்தக் களிம்பில் ஜிங்க் உண்டு. அதன் மேல் கையுறை போட்டுத்தான் வேலை செய்தான். வேலை முடித்துக் கழற்றும்போது பார்த்தால் ஒரு விரலில் கையுறை கிழிந்திருந்தது.

"எந்தப் பாட்டில் பிடிக்கும்போது கிழிஞ்சதுன்னு தெரியல, டாக்டர். அன்னிக்கு ஷீட்ல கையுறை கிழிஞ்சதுன்னு மட்டும் எழுதினேன்."

அப்படியென்றால் அந்த ஸ்டேஷனைக் கணக்கிலிருந்து முழுதாக எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். அவர் சொன்னதில் தவறு இல்லை. சந்தேகம் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதினால், பின்னால் வருகிறவர்கள் அதை நம்பி ஏமாறுவார்கள். ஆனால் ரவினின் ஆராய்ச்சியே ஐஸ் ஓரத்து இரும்பைப் பற்றியது. அந்த ஸ்டேஷன் போனால் மிச்சமிருப்பது அவனுக்கு முன்னால் பலர் செய்துவிட்ட வேலை.

அன்று மதியம் கேன்டீனில் அவன் தட்டைத் தொடவே இல்லை. நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாம் நான்தான் கெடுத்தேன், அக்கா. பொண்டாட்டிய மாசக்கணக்குல தனியா விட்டுட்டுப் போனேன். ஒரு களிம்புல போச்சு லா."

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கை பட்டுக் கெட்ட தண்ணீர் ஒழுங்காகக் கெடாது. ஒரு பாட்டிலில் அதிகம், அடுத்ததில் ஒன்றுமில்லை, அதற்கடுத்ததில் கொஞ்சம் என்று தாறுமாறாக இருக்கும். செனாய் கம்பெனியில் நாங்கள் இதை அடிக்கடி பார்த்திருக்கிறோம். இங்கே அந்த ஓர் ஆழத்தைத் தவிர மற்ற பாட்டில்களின் எண்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு போயின. களிம்பில் இரும்பும் கிடையாது. டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள் என்றார். ஓட்டினேன். அதே எண்கள் வந்தன.

"சிலிகேட் வரட்டும்," என்றார் டாக்டர். "அதுவரைக்கும் எடுக்க வேணாம்."

சிலிகேட் என்பது அந்தப் பாசிகள் தங்களுக்குக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ள எடுக்கும் பொருள். தென்துருவக் கடலில் ஜிங்க்கும் சிலிகேட்டும் பெரும்பாலும் சேர்ந்தே குறையும், சேர்ந்தே கூடும். அதைக் கப்பலில் அளந்தது வேறு குழு, வேறு பாட்டில்கள், வேறு கைகள். ரவினின் களிம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த எண்கள் வந்த அன்று மூன்று பேரும் டாக்டர் அறையில் இருந்தோம். ஜிங்க் கோட்டின் மேல் சிலிகேட் கோட்டைப் போட்டார் டாக்டர். இரண்டும் ஒன்றாக மேலே தொடங்கி ஒன்றாக இறங்கின. மேல்பரப்பில் சிலிகேட்டும் அதிகமாகத்தான் இருந்தது. நடுவில் இருந்த அந்த ஓர் ஆழத்தில் மட்டும் ஜிங்க் தனியாகக் குதித்தது. சிலிகேட் தன் பாட்டுக்குப் போனது.

அப்படியானால் இரும்பும் இருக்கிறது, ஜிங்க்கும் இருக்கிறது, சிலிகேட்டும் இருக்கிறது, பாசி ஏன் தின்னவில்லை? அதற்குப் பதிலை ரவினே கண்டுபிடித்தான். அந்தப் பகுதியின் சாட்டிலைட் படங்களை எடுத்துப் பார்த்தான். கப்பல் போவதற்குச் சற்று முன்புதான் அங்கே ஐஸ் விலகியிருந்தது. அதுவரை வெயில் உள்ளே இறங்காததால் பாசி வளரத் தொடங்கவே இல்லை.

"இலை போட்டு எல்லாத்தையும் பரிமாறி வச்சிருக்கு. பந்தில இன்னும் யாரும் உக்காரல," என்றார் டாக்டர் மெய்யம்மை. பிறகு ரவினைப் பார்த்து, "எழுதுங்க. அந்த ஒரு பாட்டிலை மட்டும் எடுத்துடுங்க," என்றார்.

ரவின் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போனான். காரிடாரில் நின்று மனைவிக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண் விசித்திரமாக வந்தால் முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள், அது சரி. அதோடு நிறுத்திவிடாதீர்கள். தப்பு நடந்தது உண்மை என்பதாலேயே மற்றதெல்லாம் பொய் ஆகிவிடாது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வரை எதையும் கொட்டாதீர்கள்.

ரவினுடைய வாய்மொழித் தேர்வில், தேர்வு நடத்தியவர்களில் ஒருவர் கடைசி ஸ்டேஷனின் வரைபடத்தைக் காட்டி, நடுவில் ஏன் ஒரு புள்ளி இல்லை என்று கேட்டாராம். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அந்த ஒண்ணு என் கை. மத்ததெல்லாம் கடல்னு சொன்னேன், அக்கா."