பனிக்கடலுக்குப் போக நல்ல மாசம்

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் புது வருஷத்துக்கு ஆளுக்கொரு காலண்டர் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாமி படம் போட்டதெல்லாம் பூஜை அறைக்கும் ஹாலுக்கும் போய்விடும். மிஞ்சுகிற பனிமலைப் படம் அடுப்படிக்கு வரும். நீலத் தண்ணீர், பின்னால் வெள்ளை மலை, நடுவில் ஒரு வெள்ளைக் கப்பல். எங்கள் ஊர் வெயிலில், கரண்டும் போன நேரத்தில், தோசைக்கல் முன்னால் நிற்கிறவளுக்கு அந்தப் படம் எத்தனை வயிற்றெரிச்சல் என்பது அடுப்படிப் பக்கமே வராதவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் வருஷா வருஷம் அதைத்தான் மாட்டினேன்.

கல்யாணமாகி அமெரிக்கா போன என் மகளிடம் ஒருநாள் போனில் இதைச் சொன்னேன். "அம்மா, அந்தக் கப்பல்ல நெசமாவே போகலாம்மா. அலாஸ்கான்னு எடம். அப்பாவையும் கூட்டிட்டு வா, நாங்க ஏற்பாடு பண்றோம்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அடுப்படியில் வேலை ஓடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. பெரிய கம்பெனி என்று சொல்ல முடியாது. ஆனால் இவர் அலைகிற அலைச்சலைப் பார்த்தால் நாட்டுக்கே இவர்தான் தீபாவளி கொண்டுவருகிறார் என்று நினைப்பீர்கள். விஷயத்தைச் சொன்னதும், மறுக்கப்போகிறார் என்று நான் சண்டைக்குத் தயாராக நிற்க, "போவோமே. தீபாவளி முடியட்டும்" என்றுவிட்டார்.

எங்கள் ஊரில் எல்லாமே தீபாவளி முடிந்துதான். பெண் பார்ப்பது, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கண்ணில் புரை எடுப்பது வரை அப்படித்தான். ஐப்பசி கழிந்தால்தான் மூச்சு விடுவோம். அதனால் கார்த்திகையில் கப்பல் என்று நாங்களே முடிவு செய்து, மதுரைக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கி, தெரு முழுக்கச் சொல்லியும் முடித்தோம். கப்பல்காரனைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். சித்திரை வாக்கில் வருகிற கப்பல்கள் புரட்டாசியோடு வேறு கடலுக்குப் போய்விடுமாம். கார்த்திகையில் அங்கே இருட்டும் புயலும்தானாம். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "குளிர் ஊரப் பாக்கப் போறதுக்குக் குளிர் கொறஞ்ச மாசமாப் பாத்துப் போகணுமாக்கும்? அதுக்கு இங்கனயே இருந்துட்டுப் போகலாம்ல" என்றார். தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லித் திரிந்தது தனிக் கதை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராய்ச்சி நடந்தது. மகள் போனில் ஒவ்வொரு மாதமாகச் சொல்லுவாள், இவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளுவார்.

"செப்டம்பர்ல மழை இருக்கும்ப்பா. ஆனா ராத்திரியில வானமே பச்சையா ஆடும். அதப் பாக்கவே சனம் வருது."

"பச்சைன்னா மத்தாப்புல போடுத பேரியம். நான் காட்டாத பச்சையா? செப்டம்பர்ல எனக்கு லோடு ஏறுத நேரம்."

"அப்ப ஜூலை, ஆகஸ்ட்? குளிர் கம்மி, திமிங்கலம் நல்லாத் தெரியும்."

"ஆர்டர் நெருக்குத நேரத்துல திமிங்கலத்த வச்சு நான் என்ன செய்ய?"

"அப்பன்னா மே மாசம்தான்ப்பா. அங்க மழை ரொம்பக் கம்மி. கூட்டமும் இருக்காது. மலையில பனி இன்னும் உருகாம அப்படியே இருக்கும்."

மழை கம்மி என்றதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டாசு மருந்தைக் காயவிடாமல் கெடுக்கிற மழையைப் போல இவருக்கு ஒரு பகையாளி கிடையாது. உலகத்தில் எந்த ஊராக இருந்தாலும் மழை இல்லாத மாதம்தான் நல்ல மாதம் என்பது இவர் கட்சி. நான் ஸ்வெட்டர்களை எடுக்கவே எழுந்துவிட்டேன். அடுத்த நிமிஷமே முகம் வாடி, "மே மாசம் முடியாது" என்று எழுந்து போய்விட்டார்.

ஏன் முடியாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அக்கினி வெயிலில் மருந்து எந்த உராய்வுக்கும் காத்திருக்காது, தானே பற்றிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசி வரை எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். சாயங்காலம் சாம்பிள் வெடிக்கிற சத்தத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். ஆனால் தரையோடு வருகிற இன்னொரு சத்தம் இருக்கிறது. அதைக் கேட்டால் கையில் இருக்கிற சோற்றை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்போம். புகை எந்தப் பக்கம் என்று தெரிகிற வரைக்கும் தெருவில் அந்த ஒரு கேள்விதான். இவர் கம்பெனியில் அப்படி ஒன்று நடந்ததில்லை. பக்கத்துக் கம்பெனியில் நடந்திருக்கிறது, இவர் ஓடிப்போய் ஆட்களைத் தூக்கியிருக்கிறார். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கோடை லீவுக்கு என்னையும் பிள்ளையையும் ரயிலேற்றி விட்டுவிட்டு விருதுநகர் ஸ்டேஷனிலேயே நின்றுகொள்கிற மனுஷன். கொடைக்கானலை நான் மகளோடுதான் பார்த்தேன். "நீங்க இல்லாட்டி அந்தக் கம்பெனி ஓடாதா? ஒரு வருசம் நான் கேட்டது நடக்கப்படாதா?" என்று கத்தினேன்.

இவர் சத்தம் போடவில்லை. "உள்ள ஆளு இருக்கையில நான் ஊர விட்டுப் போக மாட்டேன்" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "மே மாசத்துல ஆளு இல்லாத நாளே கெடையாதாக்கும்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. இவரும் என்னைப் பார்த்தார். உண்டு. சித்திரைப் பொங்கல். அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊரே கம்பெனிகளைப் பூட்டிவிட்டுக் கோயிலில் கிடக்கும். அச்சகத்து மெஷின் சத்தம்கூட அந்த நாட்களில் கேட்காது.

ஆனால் எங்கெங்கோ பிழைக்கப் போனவனெல்லாம் ஊர் திரும்புகிற திருவிழாவுக்கு உள்ளூர்க்காரர் வெளியூர் போவதா? இவர் இரண்டு நாள் கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் விருதுநகரில் வத்தல் வியாபாரக் குடும்பத்தில் வாக்கப்பட்டிருக்கிற என் நாத்தனார்தான் வந்து முடிச்சை அவிழ்த்தாள். "எங்களுக்குப் பங்குனிப் பொங்கல் அதுக்குள்ள முடிஞ்சிரும்ல. நம்ம வீட்டுப் பொங்கல நான் வந்து வைக்கேன்ண்ணே. மதினியக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. ஆத்தா ஒண்ணும் நெனைக்க மாட்டா" என்றாள். நாத்தனாரைப் பற்றி அதுவரை சொன்னதையெல்லாம் நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் ஒரே ஓட்டம். அமெரிக்கா ஏர்போர்ட்டில் பெட்டியையும் கையையும் துடைத்து, வெடிமருந்து வாடை இருக்கிறதா என்று மெஷினில் வைத்துப் பார்ப்பார்களாம். மகள் சொன்னதிலிருந்து கம்பெனிக்குப் போய்வந்த ஒரு துணியையும் நான் பெட்டிப் பக்கம் விடவில்லை. பனியன் முதல் செருப்பு வரை எல்லாம் புதுசு. பெண் பார்க்க வந்தபோதுகூட இவர் அவ்வளவு புதுசாக இல்லை.

திருவிழா முடிந்தாலும் தான் வந்து திறக்கிற வரை லீவு, சம்பளத்தோடு லீவு என்று சொல்லிவிட்டார். வாசல் கேட் சாவியை மட்டும் வாட்ச்மேனிடம் கொடுத்தார். மருந்து வேலை நடக்கிற அறைகளின் சாவிக் கொத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டார். போர்மேன், "மொதலாளி, சாவி எதுக்குக் கப்பலுக்கு? எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்று தலையைச் சொறிந்தார். "ஆர்வத்துல ஒரு நா முன்னாடி தொறந்துருவீக" என்றார் இவர். அந்தக் கொத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தது நான். ஏர்போர்ட்டில் கையைத் துடைத்த காகிதம் மெஷினுக்குள் போனபோது, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். மெஷின் கத்தவில்லை. வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கே டிக்கெட் எடுக்கலாம்.

கப்பலில் இவர் செய்த அலம்பலைச் சொல்லி மாளாது. எந்நேரமும் மேல்தளம்தான். சிவகாசிக்காரர் குளிரில் நடுங்கினால் ஊருக்கு அவமானம் என்பதுபோல் ஸ்வெட்டரைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். மகள் சொன்னபடியே மழை இல்லை. காலண்டரில் இருந்த மலை அப்படியே எதிரே நின்றது. ஆனால் அடுப்படிப் படத்தில் குளிரவில்லை, இங்கே மூக்கு நுனி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். யாரும் பார்க்காதபோது கப்பலின் கம்பியைத் தடவிக் கொடுத்தேன்.

ஒருநாள் காலையில் பனியாறு வந்து கடலில் முடிகிற இடத்தில் கப்பலை நிறுத்தினார்கள். மலை உயரத்துக்கு நீலமாகப் பனிச் சுவர். எல்லாரும் கம்பியோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டென்று அதிலிருந்து ஒரு பெரிய பாளம் பெயர்ந்து கடலில் விழுந்தது. விழுந்த பிறகுதான் சத்தம் வந்தது. தண்ணீரோடு வந்த சத்தம், காலுக்கடியில் தளம் அதிர்ந்தது.

சுற்றிலும் கை தட்டினார்கள். இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்றார்.

அவர் பார்வை பனிச் சுவரில் இல்லை. அதற்கு மேலே, வானத்தில் புகையைத் தேடிக்கொண்டிருந்தது. இந்த மனுஷன் ஒரு கோடையில்கூட நிம்மதியாகத் தூங்கியதில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. "பனிங்க. பனிதான் விழுந்துச்சு" என்றேன்.

இவருடைய இன்னொரு கை கோட்டுப் பைக்குள் போனது. சாவிக் கொத்தை வெளியே எடுத்து, ஒவ்வொரு சாவியாகத் தடவிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"சாவி எங்கிட்டல்ல இருக்கு. உள்ள ஒருத்தரும் இல்ல" என்றார்.

"ஒருத்தரும் இல்ல" என்றேன் நானும்.

கொத்தைப் பைக்குள் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பாளம், முந்தியதைவிடப் பெரியது, இடித்துக்கொண்டு விழுந்தது. அந்தத் தளத்தில் முதலில் கை தட்டியவர் இவர்தான்.