சீப்பிலிருந்து வந்த கோடு

ஞானம்மாள் அக்கா காலமான செய்தியை, எங்கள் கல்லூரி ஆய்வுக்கூட ஊழியர் வேலு கீரனூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சொன்னபோது, நான் மகளின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காய்ச்சல் விட்டு, எனக்குப் பயம் விட்டு, இதை எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தாமதத்தை அக்கா மன்னிப்பார். மழுப்பலைத்தான் மன்னிக்கமாட்டார்.

புதுக்கோட்டையில் நாங்கள் இருவரும் பௌதிகம் கற்பித்தோம். மூலக்கூறுகள் ஓயாமல் அதிர்கின்றன. அவற்றில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் அந்த அதிர்வுக்கேற்பச் சற்றே விலகும். கண்ணாடியாலான போட்டோத் தகட்டில் அது மெல்லிய கோடாக விழும். பிளாஸ்டிக்கை வெங்காயச் சருகைவிட மெல்லிய ஏடாக்கி, அதன் கோடுகளை அளக்க அக்கா முனைந்தார். பிளாஸ்டிக்குக்கு எங்கே போவது? என் உடைந்த சீப்பைப் பென்சீனில் கரைத்து, கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்தார். ஏடு மெல்லியது, சிதறும் ஒளியும் சொற்பம். ஒரு தகட்டுக்குப் பாதரச விளக்கு நான்கு நாள் எரிந்தது.

எதிர்பாராத இரண்டு கோடுகள் விழுந்தன. அவற்றைக் கட்டுரையாக்கிச் சென்னையிலிருந்த ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய பிறகுதான், மிஞ்சிய சீப்புத் துண்டை அக்கா முகர்ந்து பார்த்தார்.

"அடியே, ஒரு கோடு ஒன் தலை எண்ணெயோடதுடீ!"

சிரித்து முடித்ததும், இரண்டில் ஒன்று தம் பிழை என்று அவரே இதழுக்கு எழுதினார். இரண்டையும் விலக்கிக்கொள்ளுமாறு பதில் வந்தது. துறைத்தலைவர் அக்காவை அழைத்தார்; நானும் கூடப் போனேன்.

"எதுக்கும்மா வம்பு? மொத்தமா வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க. நீங்க ஆராய்ச்சி பண்ணலைன்னு யாரு அழுதா?"

"தப்பை நாந்தானேங்க சொன்னேன்? அதே வாயாலதான் இன்னொண்ணு சரின்னும் சொல்றேன். கையெழுத்துப் போட மாட்டேங்க."

அக்காவின் வேலை போய்விடும் என்று வெளியே வந்து அழுதேன்.

"போனாப் போகுது. அந்தக் கோடு போயிருமா?" என்றார்.

புதுச் சீப்பு வாங்கிச் சோப்பு நீரில் மூன்று முறை கழுவினார். மீண்டும் நான்கு நாள். எண்ணெய்க் கோடு காணோம். மற்றது அதே இடத்தில் நின்றது. அத்தகட்டின் படத்தை அனுப்பினார். பதில் இல்லை. ஆண்டுதோறும் புதிதாக ஒரு தகடு எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்.

சென்ற வாரம் அவரது அலமாரியைக் காலி செய்தார்கள். தகடுகளைச் சுரண்டி ஜன்னலுக்குப் போடலாம் என்றார் தலைவர். யாரையும் எதிர்த்துப் பேசியறியாத நான், மகளை இடுப்பில் வைத்தபடியே, "தர மாட்டேங்க" என்றேன்.

ஏழு தகடுகளும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மயிரிழைபோல் கறுப்பாக, ஏழிலும் அதே இடத்தில் அந்தக் கோடு இருக்கிறது.

இந்த ஆண்டுக்கான கடிதத்தை நானே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன், அக்கா. பதில் வராவிட்டால் அடுத்த ஆண்டும் எழுதுவேன். நிம்மதியாகப் போய்வாருங்கள்.