பஜ்ஜி எண்ணெயில் ஓடிய டிராக்டர்

முகத்துவாரக்குப்பத்துல கரைக்கு வர்ற படகை மணல் மேல இழுத்துப் போடுறது என் டிராக்டர்தான். எனக்கு மின்னயே பொறந்தது. டீசல்லயும் ஓடும், பஜ்ஜி சுட்டு மிஞ்சின எண்ணெயிலயும் ஓடும். ரெண்டு டேங்க்கு, நடுவுல ஒரு திருகு. டீசல்ல ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சூடானதும் எண்ணெய்க்குத் திருப்பணும். நிறுத்துறதுக்கு மின்ன மறுபடி டீசலுக்குத் திருப்பி அஞ்சு நிமிசம் ஓட விடணும். இல்லேன்னா எண்ணெய் குழாய்லயே உறைஞ்சிடும். இத குப்பத்துக்கே பாடம் எடுத்தவன் நான். அவ்ளோ பீத்தல்.

எண்ணெய் குடுக்கறது டோல்கேட்ல பஜ்ஜிக்கடை வெச்சிருக்கிற அக்கா. ஆறவெச்சு, துணியில வடிகட்டி, கேன்ல ஊத்தி வெச்சிருப்பாங்க. நான் போய் எடுத்தாருவேன்.

ஒரு மார்கழி சாயங்காலம் ராயபுரத்துல தோஸ்து வூட்டுக் கல்யாணம். பிரியாணி தீந்துடும்னு அவசரம். திருகைத் திருப்பாமலே இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுக் கெளம்பிட்டேன். அஞ்சு நிமிசம்! பாழாப்போன வயிறு.

மறுநா காலைல கடல் ஒரே கொந்தளிப்பு. என் தங்கச்சி புருசன் படகைக் கரையில முட்டவெச்சு, கயிறு கட்டிட்டு, "இழு மச்சான், இழு!"ன்னு கத்துறான். டிராக்டர் ஒரு தடவ இருமிச்சு, அவ்ளோதான். நாலு பேர் தோள் குடுத்தும் படகு அசையல. அடுத்த அலை அதைத் தூக்கிக் கல்லு மேல அடிச்சிது. அடிப்பக்கம் பொளந்துடுச்சு. அவங்க வூட்டுக்குச் சோறு போடுறது அந்தப் படகு ஒண்ணுதான். தங்கச்சி மணல்லயே குந்திட்டா.

"இன்னா மச்சான் ஆச்சு வண்டிக்கு?"

மொத்தக் குப்பமும் என் மூஞ்சையே பாத்துகினு கீது. "எண்ணெய்ல தண்ணி. அந்தக் கடைக்காரி கலீஜா குடுத்துட்டா"ன்னேன். வாய் கூசாம சொன்னேன். தூ, நானெல்லாம் ஒரு மனுசன்!

அவன் நேரா டோல்கேட்டுக்குப் போனான், அக்கா கடை எதிர்க்க நின்னு சத்தம் போட. நான் தடுக்கல. அந்நேரம் குழாயைக் கழட்டிச் சுரண்டிகினு இருந்தேன். எண்ணெய் நெய் மாதிரி வெள்ளையா உறைஞ்சிருந்துது. ஒரு பொட்டுத் தண்ணி இல்ல.

நாலு நாள் கழிச்சு அக்காவே கேனைத் தூக்கிகினு, ரெண்டு பஸ் மாறி குப்பத்துக்கு வந்தாங்க. "தண்ணி சுண்டுற வரைக்கும் காய்ச்சி, ரெண்டு தடவ வடிகட்டிட்டேன்பா. என்னால ஒரு குடும்பம் கஷ்டப்படக் கூடாது"ன்னாங்க. மணிக்கட்டுல எண்ணெய் தெறிச்ச கொப்புளம், இன்னும் காயல.

தங்கச்சி புருசன் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தான். சொல்லணும்னு வாயத் தொறந்தேன்.

"பரவால்ல, விடுக்கா"ன்னு நான் அவங்களை மன்னிச்சேன்.